குன்னூரில் புல்லரிக்க வைத்த தேநீர் தாம்பரத்தில் ஏன் கசக்கிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு அடுத்த மாதம் 70 வயது நிறைகிறது. நுவரெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1974-ல் குடும்பத்தோடு இந்தியா வந்து, கோத்தகிரியில் 30 வருடத்துக்கும் மேல் கொழுந்து பறித்தார். ஆயுசு முழுக்க அவர் குடித்தது தூள் தேத்தண்ணிதான். போன ஜனவரியில் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனோம். வரிசையாக வைத்திருந்த வெள்ளைக் கிண்ணங்களில் ஒன்றை எடுத்து, "இது பனிக்காலக் கொழுந்து" என்று கொடுத்தார்கள். ஒரு வாய் உறிஞ்சியதும் அம்மாவுக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. "இது நாங்க பறிச்ச கொழுந்தா?" என்று இரண்டு முறை கேட்டார். கண் கலங்கிவிட்டது. அங்கேயே 250 கிராம் வாங்கினோம். பாக்கெட்டில் எஃப்.ஓ.பி. என்று போட்டிருக்கிறது. தாம்பரம் வீட்டில் போர்வெல் தண்ணீரில் போட்டால் வாசனையே இல்லை. முதலில் நிறம் இறங்கவில்லை என்று இரண்டு கரண்டி கூடப் போட்டு ஏழு நிமிடம் கொதிக்கவிட்டேன். கறுத்து, கசந்து, மேலே எண்ணெய் மாதிரி ஆடை படர்ந்தது. பால் சேர்த்தும் தேறவில்லை. அங்கே குடிக்கக் கொடுத்தது ஒன்று, விற்றது வேறொன்றா? பிறந்த நாளுக்கு வீட்டில் 12 பேர் இருப்போம். அன்று காலை அந்தத் தேநீரை அம்மாவுக்கு மறுபடி கொடுக்க வழி உண்டா? இன்னும் 180 கிராம் மிச்சம் இருக்கிறது.

பதில்: உண்டு. 12 பேருக்கு அன்று காலை 20 கிராம் போதும். மிச்சத்தில் கொஞ்சம் எடுத்து முன்கூட்டியே இரண்டு மூன்று தடவை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பிறந்த நாளன்று முதல் தடவையாகச் செய்து பார்க்க வேண்டாம்.

முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். இலை மாறிவிட்டதா, தண்ணீர் கெடுக்கிறதா என்பதை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு பீங்கான் கோப்பைகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 2 கிராம் இலை போடுங்கள். ஒன்றில் உங்கள் போர்வெல் தண்ணீர், மற்றதில் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர். இரண்டையும் கொதிக்கவைத்து, கோப்பைக்கு 100 மில்லி ஊற்றி, தட்டால் மூடி 6 நிமிடம் வையுங்கள். தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தர முறையின் அளவும் நேரமும் இவைதான். ஆற அமரக் குடிப்பதற்கான அளவு அல்ல இது. இலையில் குறை இருந்தால் ஒளிய இடமில்லாதபடி, வேண்டுமென்றே கடுமையாக இறக்குவது.

இரண்டையும் வடிகட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாட்டில் தண்ணீர்க் கோப்பை தெளிவாக, பொன்னிறத்தில் இருந்து, போர்வெல் கோப்பை மட்டும் மங்கிய பழுப்பாக இருந்தால் இலைமேல் குற்றமில்லை. இரண்டுமே மங்கலாக இருந்தால் வடிகட்டிய சக்கையைப் பாருங்கள். நல்ல இலையின் சக்கை செம்புக்காசு நிறத்திலோ, பனிக்கால இலையானால் பச்சை ஓடிய பொன்னிறத்திலோ பளிச்சென்று இருக்கும். கறுத்து, உயிரில்லாமல், பழைய சாக்கு வாடை அடித்தால் இலை ஈரம் ஏறிக் கெட்டிருக்கிறது, அல்லது பழசு. சாயம் ஏற்றியதோ என்று பயமிருந்தால் வெள்ளைக் காகித வடிதாள் ஒன்றில் இலையைப் பரப்பி, சொட்டுத் தண்ணீர் தெளித்து, இலையை உதறிவிட்டு, தாளைக் குழாய்த் தண்ணீரில் அலசிப் பாருங்கள். அலசியும் தாளில் கறை அப்படியே தங்கியிருந்தால் சாயம் இருக்கலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், குறிப்பாக அந்த ஆடையை வைத்துப் பார்த்தால், இலை நல்ல இலைதான் என்று நினைக்கிறேன். அதைப் போட்ட விதமும் தண்ணீரும் சேர்ந்து கொன்றிருக்கின்றன.

விதத்தில் எங்கே தவறியது என்றால், நிறத்தைத் தேடிப் போனதில். நாம் தினமும் குடிப்பது சி.டி.சி. தூள். பல் வைத்த இரும்பு உருளைகளுக்கு நடுவே கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்வது. இலையின் உள்ளறைகள் எல்லாம் உடைந்திருப்பதால் வெந்நீர் பட்ட அரை நிமிடத்தில் சாறு இறங்கிவிடும். நீங்கள் வாங்கியது ஆர்த்தடாக்ஸ் முறை. கொழுந்தை இரவெல்லாம் வாட்டி, அழுத்தி உருட்டி முறுக்கி, கொஞ்ச நேரம் நொதிக்கவிட்டு, காயவைத்தது. எஃப்.ஓ.பி. (ஃப்ளவரி ஆரஞ்சு பெக்கோ) என்றால் பெரும்பாலும் முழு இலை, நுனி மொட்டோடு சேர்ந்தது. அந்த எழுத்துகளில் ஓ என்பது ஆரஞ்சு. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இலையின் அளவையும் தோற்றத்தையும் குறிக்கும் பழைய வணிகப் பெயர். முழு இலையாக இருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும். அதிலும் பனிக்கால இலையை நன்றாக வாட்டி, குறைவாக நொதிக்கவைப்பதால் நிறம் இன்னும் வெளிறித்தான் வரும். வைக்கோல் நிறத்துக்கும் இளம் பொன்னுக்கும் நடுவில் நின்றால் அதுதான் சரியான பதம். தூள் தேநீரின் செம்மண் நிறம் இதில் வரவே கூடாது. வரவைத்தீர்கள் என்றால் கசப்பையும் துவர்ப்பையும் சேர்த்தே பிழிந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஏழு நிமிடம் கொதித்ததில் இன்னொன்றும் நடந்தது. அம்மாவுக்குப் புல்லரித்த அந்தப் பூ வாசனையைத் தருபவை மிக எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். மல்லிகை, ரோஜா வாசனையில் இருக்கும் லினலூல், ஜெரானியால் போன்றவையே தேயிலையிலும் உண்டு. திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதித்தால் அவை நீராவியோடு கிளம்பிவிடும். போட்ட நேரத்தில் அடுப்படி முழுக்க மணந்திருக்கும், கோப்பையில் ஒன்றும் இருந்திருக்காது. சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி தண்ணீர். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

அந்த ஆடை எண்ணெய் அல்ல, இலையில் பூசிய எதுவும் அல்ல. கரண்டியின் பின்பக்கத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வெடித்த கண்ணாடி மாதிரி துண்டு துண்டாக விலகும், ஓரத்தில் கோப்பையோடு ஒட்டிப் பழுப்பு வளையம் போடும். தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருக்கும்போது, தேயிலையின் துவர்ப்புச் சத்து மேற்பரப்பில் காற்றோடு சேர்ந்து ஆடையாகக் கட்டுகிறது. உங்கள் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? அதே உப்புதான். அந்தத் தண்ணீர் காரத்தன்மை உடையது. காரம் ஏறினால் தேநீரின் நிறம் கறுக்கும், சுவையின் துடிப்பு போய்விடும். சில கடைகளில் நிறத்துக்காக ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுகிறார்களே, அதன் விளைவுதான் உங்களுக்குச் சோடா போடாமலே கிடைத்திருக்கிறது. குன்னூரில் மழையும் ஓடையும் தருவது பெரும்பாலும் மென்னீர். அங்கே இந்த ஆடை பிரச்சினை வராது.

என்ன தண்ணீர் எடுப்பது? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. 50-லிருந்து 150 வரை காட்டும் தண்ணீர் இந்த இலைக்குப் பொருத்தம். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அந்தத் தண்ணீரை அளந்து பாருங்கள். 20-க்கும் கீழே காட்டினால் தேநீர் சப்பென்று இருக்கும். அப்போது பத்துப் பங்கு ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு பங்கு போர்வெல் தண்ணீர் கலந்து மறுபடி அளந்து கொள்ளுங்கள். சுத்தமான மொட்டைமாடியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் வடிகட்டிக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம், அருமையாக வரும். ஒன்றும் கிடைக்காவிட்டால் போர்வெல் தண்ணீரையே 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறித் தெளிந்தபின் மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடுங்கள். கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பில் ஒரு பகுதி கொதியில் பிரிந்து அடியில் சுண்ணாம்பாகத் தங்கிவிடும். ஆனால் கடினத்துக்கு வேறு உப்புகள் காரணமாக இருந்தால் இந்த வழி பலிக்காது.

ஒரு எச்சரிக்கை. குளியலறைக்கு வைக்கிற உப்புப் போடும் ஸாஃப்ட்னர் தண்ணீரை எடுக்காதீர்கள். அதில் கால்சியம் போய்ச் சோடியம் வந்திருக்கும், பைகார்பனேட் அப்படியே இருக்கும். ஆடை கட்டாது, ஆனால் தேநீர் இன்னும் மோசமாகக் கறுக்கும். எலுமிச்சை பிழிந்தால் ஆடை மறையும், நிறமும் வெளுக்கும். அது வேறொரு நல்ல தேநீர். அம்மா தேடும் வாசனையை அது மூடிவிடும்.

சூடு பற்றி. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். ஆக அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அம்மா ருசித்த கிண்ணத்தில் பட்ட தண்ணீர் அதற்குமேல் சூடாகியிருக்கவே முடியாது. தாம்பரத்தில் 100. தாழ்வான இடத்தில் விளைந்த கெட்டி இலைக்கு முழுக் கொதி நல்லது. பனிக்கால இலைக்கு அந்த ஆறு டிகிரி உறைக்கும். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, குமிழ் முழுக்க அடங்கியபின் ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு ஊற்றுங்கள். ஊற்றுகிற பாத்திரத்தை முன்னதாக வெந்நீர் விட்டு அலசிச் சூடாக்கி வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த பீங்கான் சூட்டை ஒரே இழுப்பில் குடித்துவிடும், இலை பாதி வெந்து நிற்கும். பழைய தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைக்காமல் புதிதாக வையுங்கள்.

நுவரெலியாவும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய குன்னூர் அளவு உயரம்தான். அங்கும் ஜனவரி தொடங்கி மார்ச் வரை வறண்ட குளிர்காற்றில் விளையும் கொழுந்துதான் வாசனைக்குப் பேர் போனது. அங்கும் நிறம் வெளிறித்தான் இருக்கும். அம்மாவின் மூக்குக்கு எட்டியது கோத்தகிரி மட்டும்தானா, அதற்கும் முந்தைய மலையா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். வாடுகிற கொழுந்தின் மணம் ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு, பக்கத்தில் இருக்கும் லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் வரைக்கும் வீசும்.

பனிக்காலக் கொழுந்து என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உறைபனி விழுந்து கருகிய இலை எதற்கும் உதவாது, அதைக் கவ்வாத்துக் கத்தியால் கழிக்கத்தான் வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிரும் வறட்சியும் சேர்ந்து செடியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். மெதுவாக வரும் அந்தக் கொழுந்தில் சாரம் திரண்டிருக்கும். பனி தப்பிய செடிகளில், வெயில் ஏறி ஈரம் உலர்ந்தபின் பறிப்பார்கள். பச்சைக் கொழுந்து நாலு கிலோவுக்குமேல் போனால்தான் ஒரு கிலோ தேயிலை. உங்கள் 250 கிராமுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொழுந்து வேண்டும். தை மாதத்தில் அந்த ஒரு கிலோ சேர எவ்வளவு நேரம் நிரை பிடிக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முற்றலும் பஞ்சியும் (வளர்ச்சி நின்ற கொழுந்து) கலக்காமல், கையில் இறுக்கிப் பிடிக்காமல் கூடைக்குப் போட்டிருந்தால்தான் தொழிற்சாலையில் இந்தத் தேயிலையைச் செய்ய முடியும். இறுக்கிப் பிடித்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், பிறகு எந்த இயந்திரமும் அதைச் சரிசெய்யாது. நல்ல தேயிலையின் பாதி வேலை பறிக்கிற விரலில் முடிந்துவிடுகிறது. அம்மா கேட்ட கேள்விக்கு, ஆமாம், அவர் பறித்ததுதான் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

அளவு: 150 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 3 நிமிடம். கரண்டியை நம்ப வேண்டாம். தேக்கரண்டி ஒன்றில் டஸ்ட் எனும் தூள் தேயிலை சுமார் 3 கிராம் பிடிக்கும், முறுக்கிய முழு இலை அதில் பாதிகூட வராமல் போகலாம். நகைக்கடை மாதிரிச் சின்னத் தராசு ஒன்று இருந்தால் போதும். மூன்று நிமிடத்தில் மென்மையாக இருக்கிறது என்று தோன்றினால் அடுத்த தடவை இலையைக் கால் பங்கு கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். நேரம் கூடினால் துவர்ப்புதான் முந்திக்கொண்டு வரும்.

12 பேருக்கு ஒரே பெரிய குண்டானில் போடாதீர்கள். வடிகட்டி முடிப்பதற்குள் கடைசிப் பாதி கடுத்துவிடும். மூடியுள்ள இரண்டு பாத்திரங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 கிராம் இலை, 750 மில்லி தண்ணீர். இலை தன் எடைபோல நாலைந்து மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றிலும் 700 மில்லி கிடைக்கும், ஆறு கோப்பை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றாமல் இரண்டு நிமிட இடைவெளி விட்டால் பதற்றமில்லாமல் வடிக்கலாம். வடிகட்டி அகலமாக இருக்கட்டும், இலையை அதில் பிழியக் கூடாது. பாத்திரம் பீங்கானோ கண்ணாடியோ நல்லது, எவர்சில்வரும் பரவாயில்லை. பித்தளையும் ஈயம் போன பாத்திரமும் வேண்டாம். ஃபிளாஸ்க்கில் வைத்துப் பரிமாறுவதைத் தவிர்க்கப் பாருங்கள். முடியாவிட்டால் காபி வாடை இல்லாத கண்ணாடிக்குடுவை ஃபிளாஸ்க்கில், இலை இல்லாமல், இருபது நிமிடத்துக்குள் ஊற்றிவிடுங்கள்.

அம்மா வெற்றிலை போடுபவராக இருந்தால் தேநீருக்கு அரை மணி முன்னாலிருந்து நிறுத்தி, வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பாக்கின் துவர்ப்பு நாக்கில் படிந்திருந்தால் மெல்லிய வாசனை எதுவும் ஏறாது. பல் துலக்கிய கையோடும் கொடுக்க வேண்டாம், பலகாரமும் பிறகுதான். விடிகாலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுக் கொடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் சூடு ஒன்றுதான் தெரியும். தொழிற்சாலையில் செய்தது போலவே காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சச் சொல்லுங்கள். விருந்தாளிகள் முன்னால் கூச்சப்படுவார், நீங்கள் முதலில் உறிஞ்சிக் காட்டுங்கள். உறிஞ்சும்போதுதான் வாசனை தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. அன்றைக்குப் புல்லரித்தது அந்த வழியாக வந்ததுதான்.

பால் வேண்டும் என்று கேட்டால் மறுக்காதீர்கள், வாழ்நாள் பழக்கம். முதல் அரைக் கோப்பை பாலும் சர்க்கரையும் இல்லாமல், பிளேன்டியாகக் குடிக்கட்டும். மிச்சத்தில் ஒரு தேக்கரண்டி சூடான பால், அதற்குமேல் வேண்டாம். பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் சுவை வழுவழுப்பாகும், வாசனை அடங்கும். விருந்தினருக்கு வழக்கமான பால் தேநீர் தேவைப்பட்டால் நல்ல டஸ்ட்டைத் தனியாகப் போடுங்கள். 200 மில்லி தண்ணீருக்கு 5 கிராம், இரண்டு நிமிடம் கொதி, வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய பால் 80 மில்லி. இந்த இலையை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

மிச்ச இலையை இன்றே காற்றுப் புகாத தகரடப்பாவுக்கு மாற்றுங்கள். மசாலா அலமாரி வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த இலைமேல் படியும். தேயிலையை 3 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து அனுப்புகிறார்கள், கடலோரக் காற்றில் திறந்து வைத்தால் சில வாரத்தில் அது இரட்டிப்பாகி வாசனை மழுங்கிவிடும். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது.

அன்று வடித்தபின் சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு சிட்டிகையை வெள்ளைத் தட்டில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, விரலால் மெல்ல விரித்து அம்மாவிடம் காட்டுங்கள். முறுக்கு அவிழ்ந்து சில இலைகள் முழுசாக மலர்ந்திருக்கும். ஓரத்துப் பற்களும் நடு நரம்பும் தெரியும். தேடினால் காம்போடு ஒட்டிய மொட்டு ஒன்றிரண்டும் அகப்படும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிச்சச் சக்கையில் 500 மில்லி வெந்நீர் ஊற்றி 4 நிமிடம் மூடிவையுங்கள். இரண்டாம் தண்ணீர் இன்னும் வெளிறி, லேசான இனிப்போடு வரும். அதற்குப் பால் வேண்டாம்.